இரண்டாம் வீட்டுக்கு வந்த கிளி

மீட்டவர் மனத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கும். வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் இருக்கும். துருப்பிடித்த கூண்டிலிருந்து, மாடிப்படிக்கு அடியிலிருந்து, சோற்றுப் பருக்கையும் சூரியகாந்தி விதையும் தவிர வேறெதையும் கண்டிராத வாழ்க்கையிலிருந்து எடுத்து வந்திருக்கிறோமே, நம்மோடு ஒட்டிக்கொள்ளாதா என்பதுதான் அது. கிளிக்கு இந்தக் கணக்குத் தெரியாது. நேற்றுவரை இருந்த சுவர் இல்லை, கேட்ட குரல் இல்லை, தெரியாத முகங்கள் கூண்டை மொய்க்கின்றன. அதற்குப் புரிவது இவ்வளவே. மோசமான வீடானாலும் அது பழகிய வீடு.

ஆகவே இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா யோசனைகளுக்கும் அடியில் ஒரே விதிதான் இருக்கிறது. கிளி வேண்டாம் என்று காட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அன்பு கிடைக்காமல் முரடான கிளிகள் உண்டு. அவசர அன்பால் முரடான கிளிகள் அதைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

ஆப்பிரிக்கன் கிரேயை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கூர்மையான அறிவும் எளிதில் மிரளும் சுபாவமும் சேர்ந்த பறவை அது. வீடு மாறினால் அதிகம் நொந்துபோகும். வந்திருப்பது காக்டெய்லோ சன் கனூரோ காக்கட்டூவோ ஆனாலும் வழி பெரிதும் இதேதான்.

முதலில் சட்டம்

வந்திருப்பது நம் ஊர்ப் பச்சைக்கிளி என்றால் இந்த அத்தியாயம் உங்களுக்கு உதவாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இந்தியக் காடுகளிலும் தோப்புகளிலும் வாழும் கிளிகளை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். கிளி ஜோசியக்காரரின் கூண்டுக்கும் இதே சட்டம்தான். அடிபட்ட குஞ்சை எடுத்து வளர்த்தேன், பாவம் பார்த்து வாங்கினேன் என்பதெல்லாம் அனுமதி ஆகிவிடாது. வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள். பறக்கக் கூடியதைப் பழக்கிப் பறக்கவிட அவர்களுக்கு வழி உண்டு.

வெளிநாட்டுக் கிளிகளுக்கு வேறு நடைமுறை. 2024இல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிரினங்களை வளர்ப்பவர்கள் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறும்போதும் தெரிவிக்க வேண்டும். ஆப்பிரிக்கன் கிரே 2017 ஜனவரி முதல் அந்த ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. காக்டெய்லும், நாம் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் பட்ஜியும் பட்டியலில் இல்லை. பழைய உரிமையாளரிடம் பதிவுச் சான்று கேளுங்கள். கிளியை ஒப்படைத்ததாக ஒரு கடிதமும் எழுதி வாங்குங்கள். தயங்கினால் காரணம் கேளுங்கள்.

அந்தக் கடிதத்தைவிடப் பெறுமானமுள்ள ஒன்றையும் அவரிடமிருந்து வாங்க முடியும். அதுதான் கிளியின் சரித்திரம். எத்தனை மணிக்குத் தூங்கும், என்ன சாப்பிட்டது, ஆண்களிடம் போகுமா பெண்களிடமா, எதைக் கண்டால் மிரளும் (குடை, துடைப்பம், ஹெல்மெட், சிவப்புத் துண்டு என்று எதுவாகவும் இருக்கலாம்), என்னென்ன பேசும், அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய தீனியில் இரண்டு வாரத்துக்கானதைக் கேட்டு வாங்குங்கள். துரு இல்லையென்றால் பழைய கூண்டையும், அது முடியாவிட்டால் அது உட்கார்ந்த குச்சியையாவது எடுத்து வாருங்கள். பெயரை மாற்றாதீர்கள். அது எவ்வளவு அசட்டுப் பெயராக இருந்தாலும் சரி, பழைய வாழ்க்கையிலிருந்து கூடவே வந்த சொத்து அது.

கூண்டை எங்கே வைப்பது

கூடத்தின் ஒரு மூலை. ஒரு பக்கமாவது சுவர் இருக்க வேண்டும். நான்கு பக்கமும் திறந்திருந்தால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று கிளி ஓயாமல் திரும்பிக்கொண்டிருக்கும். அதன் கண் உங்கள் நெஞ்சு உயரத்தில் இருப்பது நல்லது. தரையில் வைத்தால் பயம் கூடும். ஜன்னலை ஒட்டி வைத்தால் காக்கையும் பூனையும் நாள் முழுதும் மிரட்டும்.

சமையலறை கூடவே கூடாது. நான்ஸ்டிக் தோசைக்கல் அடுப்பில் வெறுமனே காய்ந்துபோனால் அதிலிருந்து வரும் வாயு நம் மூக்குக்கு எட்டாது, பக்கத்து அறையில் இருக்கும் கிளி சில நிமிடங்களில் செத்து விழும். பறவையின் நுரையீரல் நம்முடையதைவிடத் திறம்படக் காற்றை உறிஞ்சும். விஷக்காற்றையும் அதே திறத்தோடு உறிஞ்சும். கிளி உள்ள வீட்டில் நான்ஸ்டிக் பாத்திரமே வேண்டாம் என்பேன். இரும்புத் தோசைக்கல் போதும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, கரப்பான் மருந்து, ரூம் ஸ்ப்ரே எல்லாமே இதே கணக்குத்தான். பூஜையை விட வேண்டாம். புகையைக் கிளி இருக்கும் பக்கம் விடாதீர்கள்.

சீலிங் ஃபேன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூண்டைத் திறக்கும் முன் ஃபேனை நிறுத்துவதை வீட்டில் ஒவ்வொருவரும், பிள்ளைகளும் விருந்தாளிகளும் உட்பட, பழக வேண்டும். கூண்டுக் கதவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, ஃபேன் நின்றபிறகுதான் அதை அவிழ்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். இறகு வெட்டிய கிளி பறக்காது என்று நம்பிவிடாதீர்கள். காற்று வாகாக இருந்தால் மாடியிலிருந்து நான்கு தெரு தாண்டிப் போய் இறங்கும். ஜன்னலின் கொசுவலையை கிரே ஒரே கடியில் கிழித்துவிடும்.

தீனியைத் தேடி எறும்பு வரும். எறும்பு சாக்பீஸும் பொடியும் வேண்டாம். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவதே போதும். உட்காரும் குச்சிகளை ஒரே பருமனில் போடாதீர்கள், பாதத்தில் புண் வரும். மருந்தடிக்காத கொய்யாக் கிளை நல்லது. அரளி விஷம்.

வீட்டில் வேறு பறவைகள் இருந்தால் புதிதாக வந்ததை ஒரு மாதத்துக்குக் குறையாமல் வேறு அறையில் வைத்திருங்கள். தட்டு, துணி எல்லாம் தனி. பழைய பறவைக்குத் தீனி வைத்த பிறகே புதியதிடம் போங்கள்.

முதல் வாரம்: ஒன்றும் செய்யாதீர்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. உறவினர்கள் பார்க்க வருவார்கள், பிள்ளைகள் விரலை நீட்டுவார்கள், யாராவது ஒருவர் ‘சும்மா கையில எடு, பழகிடும்’ என்பார். எடுக்காதீர்கள். தீனி, தண்ணீர், அடித்தட்டுத் தாள் மாற்றுதல் மூன்றையும் தினமும் அதே நேரத்தில், அதே ஆள், அதே வரிசையில் செய்யட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்க முடிகிற நாள்தான் பயந்த கிளிக்கு முதல் மருந்து.

மற்ற நேரத்தில் கூண்டிலிருந்து சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படியுங்கள், கீரை ஆயுங்கள், போனில் பேசுங்கள். நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது வேட்டை விலங்கின் பார்வை. கிளி உங்களைப் பார்க்கட்டும். நீங்கள் அதைப் பார்க்க வேண்டாம்.

இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். ராத்திரி சீரியல் முடியும்வரை கூடத்தில் கண் விழித்திருக்கும் கிளி மறுநாள் கடிக்கும். கூண்டைப் பருத்தித் துணியால் மூடலாம். மூடியதும் மிரண்டால் ஒரு பக்கம் திறந்து வையுங்கள். காக்டெய்ல் நடுராத்திரியில் திடீரென்று மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும் பறவை, அதற்குச் சிறிய விடிவிளக்கு அவசியம். தீபாவளி நெருங்குகிறது என்றால், உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, பாட்டுச் சத்தத்தோடு நீங்களும் கூடவே இருங்கள்.

இந்த நாட்களில் அதன் உடம்பு பேசுவதைக் கற்றுக்கொள்ளுங்கள். இறகுகள் உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, அசையாமல் நின்றால் பயம். கிரே பயந்தால் நாய்போல் உறுமும். முதல் முறை கேட்பவர்கள் கோபம் என்று நினைத்துவிடுவார்கள். கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிந்து, வாலும் விசிறியாக விரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஒற்றைக் காலில் நிற்பது, அலகால் இறகு கோதுவது, தூக்கக் கலக்கத்தில் அலகை நறநறவென்று அரைப்பது எல்லாம் நிம்மதியின் அடையாளங்கள். நீங்கள் அறையில் இருக்கும்போதே இறகு கோத ஆரம்பித்தால் முதல் வாரம் நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

தட்டில் என்ன

வந்த அன்றே உணவை மாற்றுவது பெரிய தவறு. வாழ்நாளெல்லாம் சூரியகாந்தி விதை தின்ற கிளிக்கு கேரட் என்பது உணவே அல்ல. பட்டினி கிடந்தாலும் கிடக்குமே தவிர அதைத் தொடாது. முதலில் பழைய தீனியையே கொடுங்கள். சமையலறைக்கென்று விற்கும், ஒரு கிராம்வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். தராசின்மேல் ஒரு குச்சியைப் பொருத்தி, ஏறி நிற்கப் பழக்கி, காலையில் தீனிக்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். கையில் ஏறப் பழகும்வரை கிளி உட்கார்ந்த சிறு கூண்டோடு நிறுத்து, கூண்டின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். 450 கிராம் கிரே 45 கிராம் இழந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

எடை நிலைத்த பிறகு மாற்றம். விதை மட்டுமே தின்ற கிளிகளுக்கு வைட்டமின் ஏ குறைவு சர்வசாதாரணம். கிரேக்குக் கால்சியம் குறைந்து வலிப்பே வரும். இரண்டுக்கும் நம் சந்தையிலேயே பதில் இருக்கிறது. முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கூண்டில் கட்டித் தொங்கவிடுங்கள். கேரட், மஞ்சள் பூசணி, பப்பாளி, கொய்யா, முளைகட்டிய பச்சைப்பயறு கொடுக்கலாம். பாலக் தினமும் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. கிளிக்கு மிளகாய் கொடுக்கும் ஊர்ப்பழக்கம் சரியானதே. பறவைகளுக்குக் காரம் உறைக்காது, பழுத்த மிளகாயில் வைட்டமின் ஏயும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும், அதைக் கம்பியில் செருகிவிடுங்கள். அதோடு காலை வெயில். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது. பாதிக் கூண்டு நிழலில் இருக்கும்படி வெளியில் வைத்து, ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கிளிகளுக்கென்று உருண்டையாக வரும் பெல்லட் தீனியைப் பழைய விதையோடு சிறிது சிறிதாகக் கலந்து அளவைக் கூட்டலாம். புது உணவை நீங்களே ரசித்துத் தின்று காட்டினால் வேலை சீக்கிரம் நடக்கும், கூட்டத்தில் ஒருவர் தின்பதைப் பார்த்தே கிளி தின்னக் கற்கிறது. வெளிநாட்டுப் பாக்கெட்டில் மில்லட் ஸ்ப்ரே என்று விலை ஏற்றி விற்பது நம் தினைக்கதிர்தான். வள்ளி காவல் காத்த புனத்துக்குக் கிளிகள் எதைத் தேடி வந்தனவோ அதே தானியம். அதைத் தட்டில் போட்டு வீணாக்காதீர்கள், பரிசுக்காக எடுத்து வையுங்கள்.

கொடுக்கவே கூடாதவை: வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, மது, மிக்சர், முறுக்கு. பால்சோறும் வேண்டாம், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கப் பறவையால் முடியாது. பூசணம் பிடித்த வேர்க்கடலை ஈரலைக் கெடுக்கும்.

குச்சியைத் தொட்டால் ஒரு பரிசு

மீட்கப்பட்ட கிளி பயப்படுவது பெரும்பாலும் கைக்குத்தான். பிடித்ததும், அமுக்கியதும், இறகு வெட்டியதும் கைகளே. எனவே கையை விட்டுவிட்டு ஒரு குச்சியிலிருந்து தொடங்குங்கள். ஐஸ் குச்சி போதும். கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடியுங்கள். கிளி அலகால் தொட்ட அந்த நொடியில் ‘சரி’ என்று ஒரு சொல், உடனே தினைக்கதிரில் ஒரு துணுக்கு. தொடவில்லையா, குச்சியைச் சற்றுப் பின்னால் எடுங்கள். அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டிக்காதீர்கள். அது இன்னும் கேட்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

குச்சியைத் தேடித் தேடித் தொட ஆரம்பித்ததும், அதைக் கொண்டே கூண்டுக்குள் இடம் மாற்றலாம், கதவருகே அழைக்கலாம், வெளியே உள்ள நிலைக் குச்சிக்கு வரவழைக்கலாம், பிறகு உங்கள் முன்கைக்கு. ஒவ்வொரு படியிலும் திரும்பிப் போக அதற்கு வழி இருக்க வேண்டும். சில கிளிகள் இதைப் பத்து நாளில் முடிக்கும், சில ஒரு வருடம் எடுத்துக்கொள்ளும். கையுறை போட்டுப் பிடிப்பது, துணியைப் போட்டு அமுக்குவது, ‘யார் பெரியவர்’ என்று காட்டுவது எல்லாம் பழைய காலத்து யோசனைகள். நாட்களைப் பின்னோக்கித் தள்ளும், அவ்வளவுதான்.

கடித்தால் கையை உதறாதீர்கள், கத்தாதீர்கள், முகத்தில் ஊதாதீர்கள். பேசாமல் இறக்கிவிட்டு, கடிக்கும் முன் அது என்ன காட்டியது என்று யோசியுங்கள். தடவ அனுமதித்தால் தலையும் கழுத்தும் மட்டும். முதுகையும் இறக்கைக்கு அடியையும் தடவினால் இணைசேரும் உணர்வு தூண்டப்பட்டு, வீட்டில் மற்ற எல்லோரையும் எதிரியாகப் பார்க்கும்.

வேளாவேளைக்குத் தீனி வைப்பது நீங்களாக இருக்கும். அது தலையைக் குனிந்து கொடுப்பது உங்கள் மாமியாருக்காக இருக்கும். கிளிகள் ஆள் தேர்ந்தெடுப்பதில் நியாயம் பார்ப்பதில்லை. வருத்தப்படாமல், அவர் உங்களுக்கு ஒரு பாதாமைக் கொடுப்பதும் நீங்கள் அவரிடம் திருப்பிக் கொடுப்பதுமாகக் கிளியின் கண்ணெதிரே நடத்திக் காட்டுங்கள். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், 1977இல் சிகாகோ கடை ஒன்றில் வாங்கிய அலெக்ஸ் என்ற கிரேக்கு இப்படித்தான் கற்பித்தார். இருவர் பேசிப் பொருளைக் கைமாற்றிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து அது நிறங்களையும் வடிவங்களையும் பெயர் சொல்லப் பழகியது. 2007இல் இறக்கும்வரை அந்தப் பாடம் தொடர்ந்தது.

பழைய வீட்டின் குரல்

சில வாரம் வாய் திறக்காத கிளி திடீரென்று ஒருநாள் பேசும். வருவது உங்கள் வீட்டுப் பேச்சாக இருக்காது. யாரோ ஒரு தாத்தாவின் இருமல், அணைந்துபோன ஒரு வீட்டின் குக்கர் விசில், ‘காபி போட்டாச்சா’ என்ற தெரியாத பெண் குரல் வரும். பதறவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். வாய் திறந்ததே அது தைரியமாக இருப்பதற்கு அடையாளம்.

கெட்ட வார்த்தை வந்தால் சிரிக்காதீர்கள்; திட்டவும் செய்யாதீர்கள். இரண்டும் அதற்குக் கைதட்டல்தான். 2020இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷையர் வனவிலங்குப் பூங்காவுக்கு வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த ஐந்து கிரேக்களைத் தனிமைக் காலத்தில் ஒரே இடத்தில் வைத்தார்கள். ஒன்று திட்ட, மற்றது சிரிக்க, எல்லாம் வசைபாடிகளாக மாறி, பார்வையாளர் கண்ணில் படாமல் பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. கேட்காததுபோல் இருங்கள். நல்ல சொல்லுக்கு உடனே பதில் கொடுங்கள். வசை மறையாவிட்டாலும் குறையும்.

அலறல் வேறு. நீங்கள் அறையைவிட்டுப் போனதும் கிளி கூப்பிடுவது, கூட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்காக. மெல்லிய சீட்டி ஒன்றால் உள்ளிருந்தே பதில் சொல்லுங்கள். அது அந்தச் சீட்டியைக் கற்றுக்கொண்டு அலறலைக் குறைக்கும். அலறும்போது ஓடிவந்து ‘சும்மா இரு’ என்றால், அலறினால் ஆள் வரும் என்பதைத்தான் கற்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது உத்தமம். காலையும் அந்தியும் சத்தம் போடுவதைக் கிளியிடமிருந்து யாராலும் பிரிக்க முடியாது.

இறகு பிடுங்கும் கிளியும் மருத்துவரும்

நெஞ்சில் வெறும் தோல் தெரியும் கிளி வந்தால் முதலில் மருத்துவம், பிறகே மனம். தோல் நோய், ஈரல் கோளாறு, உணவுக் குறை, அலகையும் இறகையும் கெடுக்கும் வைரஸ் எல்லாம் இப்படிக் காட்டும். அவை இல்லையென்றால்தான் சலிப்பும் தனிமையும் காரணமாகும். அலகுக்கு வேலை கொடுங்கள். பாக்குமட்டைத் தட்டு, பனையோலை, சோளத்தோகை, தேங்காய்ச் சிரட்டைக்குள் ஒளித்த பருப்பு என்று வீட்டிலேயே எவ்வளவோ இருக்கின்றன. நூல் பிரியும் கயிறும், துத்தநாகம் பூசிய மலிவுக் கம்பியும் ஆபத்து. வேரோடு திரும்பத் திரும்பப் பிடுங்கிய இடத்தில் இறகு முளைக்காமலே போகலாம். மொட்டை நெஞ்சோடும் கிளி சந்தோஷமாக வாழும். அதைப் பார்த்து வருத்தப்படுவது நாம்தான்.

வந்த சில நாட்களுக்குள் பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாய்க்கு ஊசி போடும் எல்லோருக்கும் கிளி தெரியாது, போனிலேயே கேட்டுவிடுங்கள். சிட்டகோசிஸ் பரிசோதனை முக்கியம், அது கிளியிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் நீடித்தால், வீட்டில் கிளி இருப்பதை உங்கள் மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். கிரே, காக்கட்டூ, காக்டெய்ல் மூன்றும் இறகிலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ப்பவை. ஆஸ்துமா உள்ள வீடு யோசிக்க வேண்டும்.

கிளி நோயை மறைக்கும். இறகை உப்பவைத்துக்கொண்டு தூங்கி வழிவது, கூண்டின் தரையில் உட்காருவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது தெரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். எச்சத்தில் பச்சைப் பகுதி, வெள்ளைப் பகுதி, தெளிந்த நீர் என மூன்றும் இருக்க வேண்டும். பயணம் செய்த அன்று நீராகப் போவது இயல்பு, மறுநாளும் அப்படியே என்றால் இயல்பல்ல.

கடைசியாக ஒன்று. நன்றாகக் கவனித்தால் கிரே நாற்பது, ஐம்பது ஆண்டுகூட இருக்கும், மக்காவும் அப்படியே, காக்டெய்லே பதினைந்து ஆண்டைத் தாண்டும். உங்கள் வயதோடு அதற்கு மிச்சமிருக்கும் ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். நீங்கள் முதலில் எழுதி வைத்த சரித்திரத்தோடு அதன் எடை, தீனி, மருந்து, பயங்கள், பிடித்த சொற்கள் எல்லாவற்றையும் அதே நோட்டில் சேர்த்து எழுதி வாருங்கள். உங்களுக்குப் பிறகு யார் வளர்ப்பது என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரை அடிக்கடி வீட்டுக்கு வரவழையுங்கள், கிளிக்கு அவர் குரல் பழகட்டும். அவருடைய சம்மதத்தைக் கேட்டு, பெயரையும் தொலைபேசி எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் இந்த வாரமே எழுதிவிடுங்கள்.